முதல் பிறந்தநாள் படம்: குழந்தை அசையட்டும், வெளிச்சத்தைக் கூட்டுங்கள்

எங்கள் மகளின் முதல் பிறந்தநாளைத் தேக்காவுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீவக வீட்டிலேயே கொண்டாடினோம். காலையில் சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனை. பஃபலோ சாலையில் வாங்கிய மல்லிகைச் சரம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை, அரக்கு நிறப் பட்டுப் பாவாடை. இரவு ஏழரை மணிக்கு விளக்கை அணைத்து, கேக்கில் ஒற்றை மெழுகுவத்தியை ஏற்றிப் பாடினோம். அவள் கைகொட்டிச் சிரித்தாள். நான் கைப்பேசியில் 143 படங்கள் எடுத்தேன்.

விருந்தினர் போன பிறகு உட்கார்ந்து பார்த்தால், ஒன்றுகூடத் தேறவில்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலான கோடு. முகத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள். ஃபிளாஷ் போட்டு எடுத்தவற்றில் மொட்டைத் தலை பல்பு போல மின்னியது.

மன்னார்குடியில் இருக்கும் என் அம்மாவுக்கு முழங்கால் வலி. விமானம் ஏற முடியாததால் பேத்தியை இன்னும் நேரில் பார்க்கவில்லை. கண்ணில் புரை விழுந்திருப்பதால் கைப்பேசித் திரையிலும் முகம் சரியாகத் தெரிவதில்லை. “பெரிசாப் போட்டு அனுப்புப்பா, சுவத்துல மாட்டி வச்சுப் பாத்துக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். அன்று இரவு அழைத்து, “ஒன்னாவது நல்லா வந்திருக்காப்பா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

“நீங்க சயன்ஸ் டீச்சர்தானே?” என்று மனைவி கேட்டது இன்னும் உறைத்தது. அதே வாரம்தான் உயர்நிலை இரண்டு மாணவர்களுக்கு ஒளிப் பாடம் நடத்தியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே பாவாடை, புதிய மல்லிகை, அதே கைப்பேசியுடன் மீண்டும் எடுத்தோம். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பதினோரு படங்கள் அச்சிடும் தரத்தில் வந்தன. கருவியை மாற்றவில்லை, குழந்தையையும் அடக்கி வைக்கவில்லை. வெளிச்சத்தை மட்டும் மாற்றினோம். அது ஏன் போதுமானதாக இருந்தது என்பதைப் பார்ப்போம்.

இரண்டு நிமிடம் அசையாமல் இரு!

சிங்கப்பூரில் படம் எடுக்கும் தொழில் 1843இல் தொடங்கியது. லண்டன் ஹோட்டலை நடத்திய கஸ்டோன் டுட்ரான்கோய் என்பவர் அந்த ஆண்டு டிசம்பரில் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். தம் முன் வந்து அமர்பவரின் உருவத்தை வியக்கத்தக்க குறுகிய நேரத்தில் பதிவு செய்து தருவதாகச் சொன்னார். அந்தக் குறுகிய நேரம் இரண்டு நிமிடம்.

அவர் பயன்படுத்தியது டாகுரோடைப் என்ற முறை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளி விழுந்து, உருவம் பதிய அவ்வளவு நேரம் பிடித்தது. பெரியவர்களே கழுத்துக்குப் பின்னால் ஒரு முட்டுக்கட்டை வைத்துத் தலையை நிறுத்திக்கொள்வார்கள். ஒரு வயதுக் குழந்தையை எப்படி நிறுத்துவது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாயின் மீது துணியைப் போர்த்தி, நாற்காலி போலக் காட்டி, மடியில் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டுக் குழந்தைப் படங்கள் பலவற்றில் துணிக்கடியில் ஒரு தாய் ஒளிந்திருக்கிறார்.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களுக்குக் கண்ணாடிக் கூரையோ பெரிய கண்ணாடிச் சுவரோ வைத்ததும் இதனால்தான். வெளிச்சம் கூடினால் உட்காரும் நேரம் குறையும். இன்றைய கைப்பேசிக்கும் இதே கணக்குதான். படத்துக்கு வேண்டிய ஒளியை இரண்டு வழிகளில் சேர்க்கலாம்: குறைந்த வெளிச்சத்தில் நீண்ட நேரம், அல்லது நிறைந்த வெளிச்சத்தில் மிகக் குறுகிய நேரம். ஒரு வயதுக் குழந்தை நமக்கு நேரம் தராது. ஆகவே வெளிச்சத்தை நாம்தான் தர வேண்டும்.

நான்கு சென்டிமீட்டரா, நான்கு மில்லிமீட்டரா?

கைகொட்டும் குழந்தையின் கை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். கேமரா ஒளியை வாங்கிக்கொள்ளும் நேரத்தை ஷட்டர் நேரம் என்கிறோம். அது விநாடியில் 25இல் ஒரு பங்கு என்றால், அதற்குள் கை 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். குழந்தையின் உள்ளங்கை அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் படத்தில் கை இராது, கோடுதான் இருக்கும். நேரத்தை 250இல் ஒரு பங்காகக் குறைத்தால் கை நகரும் தூரம் 4 மில்லிமீட்டர். விரல்களை எண்ணிவிடலாம்.

பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அதே அளவு ஒளியைச் சேர்க்க, பத்து மடங்கு வெளிச்சம் வேண்டும். அது எங்கே கிடைக்கும்?

ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தொலைவில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய 1 லக்ஸ். இரவில் விளக்கு எரியும் வரவேற்பறையில் 100 முதல் 300 லக்ஸ் வரை இருக்கும். பகலில் சன்னலுக்கு அருகே ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும். வெளியே திறந்த நிழலில் பத்தாயிரத்தை எட்டலாம். உச்சி வெயிலில் ஒரு லட்சம்.

இவ்வளவு பெரிய வேறுபாடு நமக்குத் தெரியாததற்குக் காரணம் நம் கண்ணும் மூளையும். இரண்டும் தாமாகவே சரிசெய்துகொண்டு, இரவு வரவேற்பறையையும் “நல்ல வெளிச்சம்” என்றே சொல்லும். கேமரா உணரியை அப்படி ஏமாற்ற முடியாது.

இப்போது எங்கள் கேக் படத்துக்கு வருவோம். வெளிச்சம் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். மெழுகுவத்தி மகளின் முகத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தது. ஆகவே முகத்தில் விழுந்தது ஏறக்குறைய 11 லக்ஸ் மட்டுமே. கைப்பேசி என்ன செய்யும்? ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும். அதனால் கை கோடானது. உணரியிலிருந்து வரும் பலவீனமான சமிக்ஞையைப் பெருக்கவும் செய்யும். சமிக்ஞையோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். அதுதான் முகத்தில் தூவிய மணல்.

“இரவு முறை” இருக்கிறதே என்பீர்கள். அது ஒரு விநாடியோ அதற்கு மேலோ அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. கட்டடத்துக்கு அது அருமையான வழி. கைகொட்டும் குழந்தைக்கு உதவாது.

மெழுகுவத்தி ஊதும் காட்சி கட்டாயம் வேண்டும் என்றால் அறை விளக்குகளை அணைக்காதீர்கள். அல்லது கேக்கைப் பகலிலேயே சன்னலருகே வெட்டுங்கள்.

மொட்டைத் தலையும் வெள்ளை வேட்டியும்

வெளிச்சத்தின் அளவைப் போலவே, அது எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சிறிய விளக்கு கூர்மையான நிழலைத் தரும். பெரிய சன்னலில் பல இடங்களிலிருந்து ஒளி வருவதால், ஒரு பகுதி மறைக்கும் இடத்தை இன்னொரு பகுதி நிரப்பிவிடும். நிழலின் ஓரம் மெல்லக் கரையும். கன்னத்தின் உருண்டை படத்தில் தெரிவது இந்தக் கரைதலால்தான்.

மொட்டைத் தலைக்கு இது இன்னும் பொருந்தும். வழுவழுப்பான தோல் ஓரளவு கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும். ஃபிளாஷ் போன்ற சிறிய விளக்கின் பிம்பம் அதில் ஒரு வெள்ளைப் புள்ளியாக எரியும். சன்னலின் பிம்பம் பெரிதாகப் பரவுவதால் கண்ணை உறுத்தாது. உலர்ந்த சந்தனப் பூச்சு சொரசொரப்பானது. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து மினுமினுப்பைக் குறைக்கும். பட்டுப் பாவாடைக்கும் பொன் வளையலுக்கும் அழகு தருவது இதே பெரிய, மென்மையான ஒளி.

நாங்கள் செய்தது இதுதான். சன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தரையில் பாயை விரித்தோம். குழந்தையின் ஒரு பக்கம் சன்னல். மறுபக்கம் மனைவியின் தம்பி என் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சன்னல் ஒளி வேட்டியில் பட்டுத் திரும்பி, இருட்டாக இருந்த கன்னத்தையும் தொட்டது. ஸ்டூடியோக்காரர்கள் இதற்கென்றே ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். துவைத்த வேட்டியே போதும். வண்ண வேட்டி, வண்ணச் சுவர் வேண்டாம். அந்த நிறம் குழந்தையின் முகத்தில் ஏறிவிடும்.

வெயில் நேராக உள்ளே விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். குழந்தையை ஒருபோதும் சன்னல் விளிம்பில் உட்கார வைக்காதீர்கள். கம்பி இருந்தாலும் வேண்டாம்.

அறை விளக்குகளை அப்போது அணைத்துவிடுவது நல்லது. பகலொளி நீலம் கலந்த வெள்ளை, பல வீட்டு விளக்குகள் மஞ்சள் சாய்ந்தவை. இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறுகன்னம் நீலமாகவும் வரும். இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரின் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுமின்னோட்டம். மலிவான எல்இடி விளக்குகள் சில, அதனால் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கைப்பேசி உணரி படத்தை வரி வரியாகப் படிப்பதால், வேகமான ஷட்டரில் குறுக்குக் கோடுகள் விழும்.

வெளியில் எடுப்பதானால் நேரத்தைக் கவனியுங்கள். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியளவில் விடிந்து, மாலை ஏழு மணியளவில் இருட்டுகிறது. நண்பகல் கடந்து ஒரு மணி வாக்கில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும். புருவத்தின் நிழல் கண்ணை மூடும். காலை எட்டு முதல் ஒன்பது வரை அல்லது மாலை ஐந்து முதல் ஆறு வரை ஏற்ற நேரம். எங்கும் போக வேண்டியதில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தின் ஓரத்தில் நின்றாலே மேலே கூரை, பக்கத்தில் திறந்த வானம். அந்தக் கால ஸ்டூடியோக்காரர் காசு கொடுத்துக் கட்டிய ஒளி அங்கே இலவசம்.

நம் நிறமும் கேமராவின் கணக்கும்

கேமரா ஒரு காட்சியைப் பார்க்கும்போது, அது சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்கு ஒளியைத் திருப்புவதாக வைத்துக்கொண்டே கணக்குப் போடத் தொடங்கும். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, நடுவில் மாநிறக் குழந்தை என்றால் அதன் கணக்கு தவறும். வெள்ளையைக் கண்டு “வெளிச்சம் அதிகம்” என்று படத்தை இருட்டாக்கும். முகம் கருத்து, கண் தெரியாமல் போகும். இதைப் பார்த்துவிட்டு, “பிள்ளை கருப்பு, அதனால்தான் படத்தில் விழவில்லை” என்று சொல்பவர்கள் உண்டு. குறை நிறத்தில் இல்லை, கணக்கில்தான்.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கோடாக் நிறுவனம், அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். கருந்தோல் முகங்களின் நுட்பம் படங்களில் தொலைந்தது. கைப்பேசி நிறுவனங்கள் இதைத் திருத்த முயல்வது அண்மையில்தான். கூகல் தன் பிக்சல் கைப்பேசியில் 2021இல் எல்லாத் தோல் நிறங்களையும் கருத்தில் கொண்ட மென்பொருளைச் சேர்த்தது.

உங்கள் கைப்பேசி எதுவானாலும் செய்ய வேண்டியது எளிது. திரையில் குழந்தையின் முகத்தைத் தொடுங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்துங்கள். சுவர் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் தெளிய வேண்டும்.

கிட்டே போனால் மூக்கு பெரிதாகும்

கைப்பேசியை 30 சென்டிமீட்டர் நெருக்கத்தில் பிடித்தால், மூக்கு நுனி 30 சென்டிமீட்டரிலும் காது ஏறக்குறைய 40 சென்டிமீட்டரிலும் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகத் தெரிவதால், காதோடு ஒப்பிட மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் 150க்கும் 160க்கும் உள்ள வேறுபாடுதான், 7 விழுக்காடு. முகம் நாம் அறிந்த முகமாக இருக்கும். ஆகவே தள்ளி நின்று, கைப்பேசியில் இரு மடங்கு உருப்பெருக்கத்தைப் பயன்படுத்துங்கள். குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். தரையில் படுத்துத்தான் நான் எடுத்தேன்.

ஒரு வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கண்ணாடியில் தெரிவது தாமே என்று தெரியாது. ஏறத்தாழ ஒன்றரை வயதில்தான் அந்த அறிவு வரும். ஆனால் முகம் மறைத்துக் காட்டும் விளையாட்டு நன்றாகப் புரியும். என் தோளுக்குப் பின்னால் அவளுடைய அம்மாச்சி முந்தானையால் முகத்தை மூடித் திறந்தார். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு சிரிப்பு. தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பின் எடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

அலங்காரத்திலும் எச்சரிக்கை வேண்டும். சிறு விளக்குச் சரங்களிலும் மின்மெழுகுவத்திகளிலும் பொத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். உடைந்த பலூன் துண்டு மூச்சை அடைக்கும். இரண்டையும் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஃபிளாஷும் கண்மணியும்

“ஃபிளாஷ் போட்டால் பிள்ளைக்குக் கண் போய்விடும்” என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. சாதாரணக் கேமரா ஃபிளாஷ் ஆரோக்கியமான கண்ணைக் கெடுப்பதில்லை. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்கும்போது இதைவிட அதிக நேரம் வலுவான ஒளியைச் செலுத்துகிறார். ஃபிளாஷை நான் தவிர்ப்பது படம் நன்றாக வராது என்பதால்தான். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஃபிளாஷ் படங்கள் இருந்தால், அழிக்கும் முன் ஒரு முறை கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஃபிளாஷ் ஒளி கண்மணி வழியாக உள்ளே போய், இரத்த நாளங்கள் நிறைந்த பின்சுவரில் பட்டுத் திரும்புவதால் கண்மணி சிவப்பாகத் தெரியும். அது இயல்பு. சிவப்புக்குப் பதில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒளிர்ந்தால், உள்ளே ஏதோ ஒன்று ஒளியைத் திருப்புகிறது என்று பொருள். பிறவிக் கண்புரை, விழித்திரைக் கோளாறு ஆகியவற்றோடு ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயும் காரணமாக இருக்கலாம். அந்தப் புற்றுநோய் அரிது. ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். சீக்கிரம் கண்டால் உயிரைக் காப்பாற்றலாம், பல வேளைகளில் பார்வையையும் காப்பாற்றலாம்.

அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷாவின் மகனுக்கு இந்நோய் கைக்குழந்தைப் பருவத்தில் கண்டறியப்பட்டது. பிறகு அவர் வீட்டில் எடுத்த 7,000க்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ந்தார். மகன் பிறந்து 12 நாளில் எடுத்த படத்திலேயே வெள்ளைக் கண்மணி இருந்தது. அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவருடைய குழு, படங்களில் இந்த வெள்ளையைத் தேடும் கைப்பேசிச் செயலியையும் உருவாக்கியது. 2019இல் வெளியிட்ட ஆய்வில், கண்நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேருடைய வீட்டுப் படங்களில் அது வெள்ளைக் கண்மணியைக் கண்டுபிடித்தது. மருத்துவர் நோயை உறுதிசெய்வதற்குச் சராசரியாக 1.3 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த படங்கள் அவை.

ஒரே ஒரு படத்தில் வெள்ளை தெரிந்தால் பதற வேண்டாம். குழந்தை ஓரமாகப் பார்க்கும்போது கண்ணின் நரம்பு முனையில் ஒளி பட்டும் அப்படித் தெரியலாம். ஆனால் பல படங்களில், அதிலும் ஒரே கண்ணில் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். படத்தை எடுத்துக்கொண்டு உடனே பலதுறை மருந்தகத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ போங்கள். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக வழக்கமான வளர்ச்சிப் பரிசோதனையைத் தவறவிடவும் கூடாது.

படம் தங்க வேண்டும்

பெரியவர்களில் பலருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய எதுவும் நினைவில் இருப்பதில்லை. உங்கள் குழந்தைக்கும் முதல் பிறந்தநாள் நினைவிராது. பிற்காலத்தில் அதற்குக் கிடைக்கப்போவது நீங்கள் எடுத்த படமும் நீங்கள் சொல்லும் கதையும்தான்.

அதனால் மூலப்படத்தைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமியுங்கள். குறுஞ்செய்திச் செயலிகளில் அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. திரையில் தெரியாத குறை அச்சில் தெரியும். 12 மெகாபிக்சல் படத்தில் ஏறக்குறைய 4,000க்கு 3,000 புள்ளிகள் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 13க்கு 10 அங்குலம் வரை கூர்மையாக வரும். அச்சுக்குக் கொடுக்கும்போது மூலக்கோப்பையே கொடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். கண்ணாடிச் சட்டத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டாமல் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள்.

நாங்கள் 12க்கு 9 அங்குலத்தில் ஒன்றை அச்சிட்டு, ஊருக்குப் போன நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அது போய்ச் சேர்ந்த அன்று அம்மா அழைத்தார். வாசல் திண்ணையில், வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாராம்.

“நெத்தி அப்படியே உங்க அப்பா” என்றார்.